மணமாகாத தந்தைக்குக் குழந்தைமீது என்ன உரிமை? தென்காசி வாசகர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கல்யாணம் ஆகாமல் அப்பாவானவருக்குக் குழந்தைமீது உரிமை உண்டா? உண்டு, ஆனால் தானாக வந்துவிடாது. செங்கோட்டையைத் தாண்டினால் கேரளம். அம்மாநில உயர் நீதிமன்றம் 2021 ஏப்ரலில் அளித்த தீர்ப்பிலிருந்து தொடங்குவோம்.

1. தீர்ப்பைத் தெரிந்துகொள்ளுங்கள்

மணமுடிக்காமல் சேர்ந்து வாழ்ந்த ஒரு ஜோடி பிரிந்தது. தாய், குழந்தையைக் குழந்தைகள் நலக் குழுவிடம் ஒப்படைத்தார். தந்தையைக் கேட்காமலே குழு தத்துக்கு வழிவிட்டது. பிறகு இருவரும் சேர்ந்து வந்து குழந்தையைக் கேட்டனர். ஒப்படைப்பைப் பொறுத்தவரை இதைத் தம்பதியின் குழந்தையாகவே கருத வேண்டும் என்று சொல்லி, குழுவின் உத்தரவை நீதிமன்றம் ரத்து செய்தது.

2. உங்கள் இடம் எது?

1956ஆம் ஆண்டு இந்து சிறார் காப்பாளர் சட்டத்தின் 6ஆம் பிரிவுப்படி, மணவுறவுக்கு வெளியே பிறந்த குழந்தைக்குத் தாயே முதல் காப்பாளர். அவருக்குப் பிறகே தந்தை. காப்பாளராகத் தாய் மனு போடும்போது தந்தைக்கு நோட்டீஸ் அனுப்புவது கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2015இல் சொன்னது. ஆகவே நோட்டீஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

3. ஆதாரம் சேருங்கள்

பிறப்புச் சான்றிதழ், பிரசவ ஆஸ்பத்திரி ரசீது, ஸ்கூல் ஃபீஸ் கட்டிய சீட்டு, மாதாமாதம் பணம் அனுப்பிய வங்கிக் கணக்கு விவரம் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் வையுங்கள். தாய் மறுத்தால், டிஎன்ஏ பரிசோதனைக்கு நீதிமன்றம் உத்தரவிட வேண்டும், கேட்டவுடன் கிடைத்துவிடாது.

4. எந்தக் கோர்ட்?

1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டப்படி, குழந்தை வழக்கமாக வசிக்கும் ஊரே கணக்கு. தென்காசியில் வளர்ந்தால் இங்கே. புனலூரில் வளர்ந்தால் கொல்லம் மாவட்டத்தில். சீசனுக்குக் குற்றாலம் வந்து நாலு நாள் லாட்ஜில் தங்கியதைக் காட்டி இங்கே மனு போட முடியாது.

5. என்ன கேட்கலாம்?

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை பெரும்பாலும் தாயிடமே இருக்கும். எனவே வாரம் ஒருமுறை பார்க்க, பேச அனுமதி கேட்பதே முதல் படி. நீதிபதி முதலில் பார்ப்பது குழந்தையின் நலனை. உங்கள் உரிமை அதற்குப் பிறகுதான்.

6. குழந்தையை ஒப்படைத்துவிட்டதாகத் தெரிந்தால்

ஒப்படைத்தவர் முடிவை மாற்றிக்கொள்ள இரண்டு மாத அவகாசம் உண்டு. கேள்விப்பட்ட அன்றே குழுவுக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். சட்ட உதவிக்கு 15100 எண்ணை அழையுங்கள்.

ஜீவனாம்சம் கொடுக்கும் கடமைக்குத் திருமணம் தேவையில்லை. மாதச் செலவை நிறுத்திவிட்டு உரிமை கேட்டுக் கோர்ட் படி ஏறாதீர்கள்.