கருவி அணிந்தும் பகலில் உறக்கம் வருவது ஏன்?

ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடைக்காகச் சிபாப் கருவி பெற்றுச் சென்றோர், மறுபரிசோதனைக்கு வரும்போது எங்களிடம் மிகுதியாகக் கேட்பது இதுவே: குறட்டை நின்றுவிட்டது, ஆயினும் பகலில் கண் சொக்குகிறதே, ஏன்? இதற்கான விடை பெரும்பாலும் கருவியின் பதிவுகளிலேயே இருக்கிறது. எத்தனை மணி நேரம் அணிந்தீர்கள், எவ்வளவு காற்று கசிந்தது, மணிக்கு எத்தனை முறை மூச்சு தடைப்பட்டது என்பவற்றை அது இரவுதோறும் குறித்து வைக்கிறது. ஆகவே கருவியையும் முகமூடியையும் தவறாமல் உடன் கொண்டுவர வேண்டுகிறோம்.

உறங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை ஒட்டிக்கொள்வதே இந்நோய். மூக்கின் வழியே சீரான அழுத்தத்துடன் காற்றைச் செலுத்தினால் அப்பாதை திறந்தே இருக்கும் என்பதை 1981-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் காலின் சல்லிவன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் காட்டினர். இன்றைய கருவிகளும் அதையே செய்கின்றன. காற்று செல்லும்வரைதான் பாதை திறந்திருக்கும். முகமூடியைக் கழற்றிவிட்டு உறங்கினால் அந்த இரவே மூச்சுத்தடை திரும்பிவிடும்.

பலரிடம் நாங்கள் காண்பது இதைத்தான். இரவு 10 மணிக்கு அணிகிறார்கள்; 2 மணிக்குச் சிறுநீர் கழிக்க எழுந்தவர்கள் மீண்டும் அணிவதில்லை. பாதி இரவு அணிந்தாயிற்று, பாதிப் பயனாவது கிடைக்கும் என்பது அவர்கள் கணக்கு. ஆனால் இரவின் இரு பாதிகளும் ஒன்றல்ல. கனவு காணும் உறக்கம் பெரும்பாலும் பின்னிரவில்தான் வருகிறது. அப்போது தசைகள் மேலும் தளர்வதால் மூச்சுத்தடை பலருக்குக் கடுமையாகிறது. ஆக்சிஜன் அளவும் அதிகம் இறங்குகிறது. கருவி மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மேசைமேல் கிடக்கிறது! நாளுக்கு 4 மணி நேரம் என்று சொல்லப்படும் அளவு, பயன்பாட்டைக் கணக்கிட வைத்த கீழ் எல்லையே அன்றி இலக்கு அன்று. உறங்கும் நேரம் முழுவதும், பகல் தூக்கத்திலும்கூட, அணிவதே முறை.

அடுத்தது கசிவு. கசிகிறதென்று பட்டைகளை இறுக்குவோர் பலர். இறுக்கினால் மெத்தைப் பகுதி நசுங்கிக் கசிவு கூடும், மூக்கின் மேல் புண்ணும் வரும். படுத்த நிலையில், கருவி ஓடிக்கொண்டிருக்கும்போதே பட்டைகளைச் சரிசெய்யுங்கள். எண்ணெய்ப் பிசுக்குள்ள முகத்தில் முகமூடி வழுக்கும் என்பதால் படுக்குமுன் முகம் கழுவுங்கள். காலையில் வாய் வறண்டிருந்தால், மூக்கடைப்பினால் வாய் திறந்து காற்று வெளியேறுகிறது எனலாம். ஈரப்பதமூட்டியில் காய்ச்சி வடித்த நீரை நாள்தோறும் மாற்றி ஊற்றுவதும், மூக்கடைப்புக்கு மருத்துவம் பெறுவதும் உதவும். உறங்குபவருக்குக் கசிவு தெரியாது. அருகில் படுப்பவர் கேட்கும் சீறல் ஒலியும், மீண்டும் எழும் குறட்டையும் எங்களுக்கு மிகவும் பயனுள்ள செய்திகள்.

முகமூடி மூச்சை முட்டுவதாக அஞ்சுவோர், மாலையில் செய்தித்தாள் படிக்கும்போது கால் மணி நேரம் அணிந்து பழகலாம். அழுத்தத்தின் அளவை மட்டும் தாமாக மாற்ற வேண்டாம்.

முழு இரவும் அணிந்து, கசிவும் இன்றி, மூச்சுத்தடை மணிக்கு 5-க்குக் கீழ் இறங்கிய பின்னும் அயர்வு நீங்காதோர் உண்டு. அவர்கள் சோம்பேறிகள் அல்லர். குடும்பத்தினர் இதை மனத்திற்கொள்ள வேண்டும். 5 மணி நேரமே உறங்குபவருக்கு எக்கருவியும் ஈடுசெய்யாது. இரத்தசோகை, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, மது, சளிக்கும் அரிப்புக்கும் உண்ணும் சில மாத்திரைகள் ஆகியவற்றையும் ஆராய்வோம். இவை எவையும் இல்லையெனில், விழிப்பூட்டும் மருந்துகளை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அவற்றை உண்ணும்போதும் கருவியை நிறுத்தக் கூடாது.

தொலைக்காட்சி பார்க்கையில் கண்ணயர்வது ஒன்று. சிக்னலில் வண்டி நிற்கும்போது கண்ணயர்வது வேறு. பின்னது ஒருமுறை நேர்ந்தாலும் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிடுங்கள். அடுத்த மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் அன்றே எங்களுக்குத் தெரிவியுங்கள்.