புழுவுக்குப் போடும் தீனி

அன்புள்ள தம்பிக்கு,

மண்புழு வளர்த்து வீட்டுத் தோட்டத்துக்கு உரம் எடுக்கப் போவதாக எழுதியிருக்கிறாய். தாராளமாகச் செய். ஆனால் நீ இருப்பது கும்மிடிப்பூண்டியில், சிப்காட் உருக்காலைகளுக்குப் பக்கத்தில். அங்கே தொட்டி எப்படிக் கட்டுவது என்பதைவிட, தொட்டிக்குள் எதைப் போடக் கூடாது என்பதே முதல் கேள்வி. எந்தக் கழிவையும் மண்புழு நல்ல உரமாக்கிவிடும் என்று பலர் சொல்வதில் பாதிதான் உண்மை. சருகையும் சாணத்தையும் அது தின்று மக்க வைக்கும். ஆனால் உலைத் தூசியோடு வரக்கூடிய ஈயமும் காட்மியமும் தனிமங்கள். அவை மக்குவதே இல்லை. மாறாக, மக்கும்போது சருகிலுள்ள கரிமத்தில் பெரும்பங்கு கார்பன் டை ஆக்சைடாகக் காற்றில் போய்விடுகிறது. பத்து கிலோ காய்ந்த சருகு ஐந்து கிலோ உரமானால், அதில் ஒட்டியிருந்த உலோகத் தூசி அவ்வளவும் அந்த ஐந்து கிலோவுக்குள்தான் இருக்கும்; அதாவது செறிவு இரண்டு மடங்கு. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை, விற்பனைக்கு வரும் மண்புழு உரத்தில் கிலோவுக்கு ஈயம் 100 மில்லிகிராமுக்கும் காட்மியம் 5 மில்லிகிராமுக்கும் மேல் இருக்கக் கூடாது என்று வரம்பு வைத்திருப்பது சும்மா இல்லை.

'புழு கொழுகொழுவென்று இருக்கிறதே, அப்படியானால் உரம் சுத்தம்தானே?' என்று கேட்பாய். இல்லை. காட்மியத்தைக் கட்டிப்போடும் ஒரு புரதம் மண்புழுவின் உடலிலேயே உண்டு. அதனால் ஓரளவு நஞ்சைச் சேர்த்துக்கொண்டும் அது சாகாமல் வாழும். செத்தபின் சேர்த்ததெல்லாம் மறுபடி மண்ணுக்கே வரும். ஆகவே ஜி.என்.டி. சாலை ஓரத்தில் கூட்டிய சருகு, உலைச் சாம்பல், பெயின்ட் அடித்த மரத்தூள், பளபளப்பான வண்ணக் காகிதம் எதுவும் வேண்டாம். காய்கறித் தோல், வாழைப்பழத் தோல், வைக்கோல், தெரிந்த வீட்டு மாட்டுச் சாணம், இவை போதும். எலுமிச்சைத் தோல், உப்பும் எண்ணெயும் சேர்ந்த மிச்சச் சோறு இரண்டும் புழுவுக்கு ஆகாது.

'காற்றிலேயே தூசி பறக்கிற ஊரில் இவ்வளவு பார்த்து என்ன பயன்?' என்பது இதைவிடக் கனமான கேள்வி. பயன் இருக்கிறது. சுத்தமான தீனியில் வந்த மக்கு, மண்ணிலுள்ள ஈயத்தைத் தன்னோடு பிடித்து வைத்துக்கொண்டு வேருக்குப் போகும் அளவைக் குறைக்கும். முழுக்கத் தடுக்காது; தடுக்கும் என்று சொல்பவர் உரம் விற்பவராக இருப்பார். எனவே கீரையைவிடக் கத்தரி, வெண்டை போன்ற காய்களை நடு. பொதுவாகக் காய்களில் ஈயம் குறைவாகவே சேரும். கீரைதான் வேண்டுமென்றால் ஓடும் தண்ணீரில் நன்றாக அலசு.

புழுவை எங்கிருந்தும் வாங்கி வர வேண்டியதில்லை. ஆப்பிரிக்கப் புழு வேகமாகத் தின்னும் என்பார்கள், அது மெய்தான். ஆனாலும் சென்னை நியூ காலேஜில் மண்புழு ஆய்வு செய்த சுல்தான் அகமது இஸ்மாயில் உள்ளூர்ப் புழுக்களையே வலியுறுத்தினார். ஈரமான பழைய சாணக் குவியலின் அடியைக் கிளறினால் பெரியோனிக்ஸ் என்ற உள்ளூர்ப் புழு கிடைக்கும். தொட்டியின் அடியில் செங்கல் ஜல்லி, மேலே மணல், அதன் மேல் தோட்ட மண், பிறகு சூடு ஆறிய சாணமும் வைக்கோலும். புதுச் சாணத்தின் சூடு புழுவைக் கொன்றுவிடும். ஒரு பிடியை எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டுதான் வர வேண்டும். மே மாத வெயிலில் நிழலும் ஈரச் சாக்கும் கட்டாயம். தொட்டியின் அடியில் துளை இல்லாவிட்டால் ஐப்பசி மழையில் புழு மூழ்கிவிடும்.

திரூர் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேட்டால் மண் பரிசோதனைக்கு வழி சொல்வார்கள். ஒன்றை மறக்காதே: வழக்கமான மண்வள அட்டையில் தழை, மணி, சாம்பல் சத்துகளும் துத்தநாகம் போன்ற நுண்சத்துகளும் வரும், ஈயமும் காட்மியமும் வராது. அவற்றைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். சாலைப் பக்க மண்ணில் ஒன்று, வீட்டின் பின்புறத்தில் ஒன்று என்று இரண்டு மாதிரி எடுத்துப் போ.

அன்புடன்,
அண்ணன்