அம்பாசிடருக்கு எத்தனை குதிரை?

திறன் = வேலை ÷ நேரம். இரண்டு மார்க் கேள்விக்கு எழுதிவிட்டு நாம் மறந்துபோகிற சூத்திரம் இது. எங்க மாமா போட்ட பணம் வீணா, இல்லையா என்று சொன்னது இதுதான்.

மாமா கல்யாணச் சமையல் காண்ட்ராக்ட் எடுப்பவர். அண்டா குண்டா, ஆட்கள் எல்லாம் பழைய அம்பாசிடரில்தான் போகும். (2014-இல் அந்தக் கார் தயாரிப்பே நின்றுபோனது. அவருக்கு வேறு வண்டி பிடிக்காது!) அதிலிருந்த 1489 சிசி டீசல் என்ஜின், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் திணறும். ஆட்கள் இறங்கி நடப்பார்கள். அத்தையின் நகையை அடகு வைத்து, பின்னாளில் வந்த அம்பாசிடர்களில் இருந்த 1995 சிசி இசுசு டீசல் என்ஜினை கியர்பாக்ஸோடு வாங்கி மாட்டினார். "ஐம்பது குதிரை சார்" என்றார் மெக்கானிக். அத்தை நம்பவில்லை.

ஒரு குதிரைத்திறன் என்பது 746 வாட். பெரிய ஊர்களில் சக்கரத்தை உருளை மேல் சுழலவிட்டு டைனமோமீட்டரில் அளப்பார்கள். நாங்கள் எடைமேடையும் ஸ்டாப் வாட்சும் வைத்தே அளந்தோம்.

ஆட்களோடு கார் 1,400 கிலோ. விடியற்காலை, ஆளில்லாத சமதள ரோடு. மாமா ஓட்ட, நான் நேரம் பார்த்தேன். மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். 72 என்றால் 20 மீட்டர். இந்த இரண்டு வேகத்துக்கும் உள்ள இயக்க ஆற்றல் வித்தியாசம்:

½ × 1,400 × (400 − 100) = 2,10,000 ஜூல்.

மூன்றாவது கியரில் முழுசாக மிதித்தால் பழைய என்ஜினுக்கு 20 நொடி ஆனது. திறன் 10,500 வாட். புதுசுக்கு 12 நொடி, 17,500 வாட். காற்றும் டயரும் தின்பது இதில் சேரவில்லை. அதற்கு 72-இல் நியூட்ரல் போட்டு உருளவிட்டோம். 36-க்கு இறங்க 42 நொடி. அதே ஆற்றலை 42-ஆல் வகுத்தால் 5,000 வாட். இதையும் கூட்டினால் பழையது சுமார் 21 குதிரை, புதியது சுமார் 30.

காற்று, சரிவு ஏமாற்றாமல் இருக்க, போகும்போதும் வரும்போதும் அளந்து சராசரி எடுக்கணும். ஸ்பீடோமீட்டரை அப்படியே நம்பக்கூடாது. கியர்பாக்ஸ் மாறினால் அது தப்பாகக் காட்டலாம். வேகம் வர்க்கமாக வருவதால் 10 சதவீதத் தப்பு, ஆற்றலில் 21 சதவீதமாகிவிடும். கிலோமீட்டர் கல்லை வைத்துச் சரிபார்த்தோம்: சீராக 72-இல் போனால் ஒரு கி.மீ.க்கு 50 நொடி.

அப்போ மெக்கானிக் சொன்ன ஐம்பது? அது என்ஜின் அதிவேகமாகச் சுற்றும்போது அதன் தண்டில் கிடைக்கும் உச்சத் திறன். நாங்கள் அளந்தது சக்கரத்தில், அதுவும் சராசரி. கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் கொஞ்சம் விழுங்கும். அவர் பொய் சொல்லவில்லை என்றுதான் நான் நினைக்கிறேன்.

அத்தைக்குக் குதிரைக் கணக்கு புரியவில்லை. இப்படிச் சொன்னேன்: 1,400 கிலோவை ஒரு மீட்டர் உயர்த்த 13,720 ஜூல் வேண்டும். கூடுதலாகக் கிடைத்த 7,000 வாட்டில், மலையில் ஒவ்வொரு நொடியும் அரை மீட்டர் அதிக உயரம் ஏறலாம். "அப்போ ஆளுங்க நடக்க வேண்டாம்ல?" என்றார். வேண்டாம்.

இன்னொன்று: என்ஜினை மாற்றினால் 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி ஆர்.சி. புத்தகத்திலும் பதியணும். மாமா அதற்குத்தான் இப்போது ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு நடக்கிறார்.