குரலைப் பின்தொடரும் திரை

கேள்வி: காது கேளாத என் தம்பி, கொழும்பில் நடக்கும் கூட்டங்களில் வீட்டிலிருந்தே சூம் மூலம் கலந்துகொள்ள முடியுமா?
- வாசகி, கல்லடி, மட்டக்களப்பு

பதில்: தாராளமாக முடியும். முந்நூறு கிலோமீற்றருக்கு மேற்பட்ட பயணமும் இரவு ரயில் அலைச்சலும் மிச்சம். ஆனால் நடத்துபவர்கள் கவனிக்காவிட்டால், தம்பி திரையில் இருந்தும் கூட்டத்தில் இல்லாதவராகிவிடுவார்.

சூம் வழக்கமாகக் குரல் வரும் பக்கத்து முகத்தையே பெரிதாக்கும். சைகைக்குக் குரல் இல்லை. அதனால் சைகையில் பேசுபவர் எவ்வளவு முக்கியமான கருத்தைச் சொன்னாலும் மூலைக் கட்டத்திலேயே கிடப்பார். அவரையும் சைகை மொழிபெயர்ப்பாளரையும் 'பின்' (pin) செய்து திரையில் நிறுத்திவைக்க வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கென்றே தனிக் கட்டம் தரும் வசதியை சூம் 2022இல் அறிமுகப்படுத்தியது. கூட்டத்தை நடத்துபவர்தான் அதை முன்கூட்டியே இயக்கிவைக்க வேண்டும்.

திரையடியில் ஓடும் எழுத்து வரிகள் போதாதா? போதாது. சிறுவயது முதல் சைகையிலேயே வளர்ந்த பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. தானாக உருவாகும் வரிகளில் ஆட்பெயர்களும் ஊர்ப்பெயர்களும் அடிக்கடி சிதைகின்றன.

இலங்கையில் பாடசாலைக்குப் பாடசாலை சைகைகள் வேறுபடுவதுண்டு. கொழும்பு மொழிபெயர்ப்பாளரின் சைகை மட்டக்களப்புத் தம்பிக்குப் புரிகிறதா என்று முதல் நாளே வீடியோ அழைப்பில் பார்த்துக்கொள்வது நல்லது.

மொழிபெயர்ப்பு சில விநாடிகள் பிந்தியே வரும். ஆகவே ஒருவர் முடித்ததும் சற்றுப் பொறுத்தே அடுத்தவர் பேச வேண்டும். நீண்ட கூட்டமென்றால் இரண்டு மொழிபெயர்ப்பாளர்கள் மாறி மாறிச் செய்வார்கள்; கைகளும் மனமும் களைத்துவிடும் வேலை அது.

தம்பியின் பக்கத்தில் முகத்தில் விழும் வெளிச்சமும் வெறும் சுவரும் போதும். டேட்டா மட்டும் தாராளமாக வேண்டும்: வீடியோ விட்டுவிட்டு வந்தால் விரலசைவு தொலைந்துபோகும்.