மீண்டும் பெரட்டுக்கு வருமுன்

கித்தா மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்படும்போதும், தோட்டம் கைமாறும்போதும், நிலம் வீடமைப்புக்கு விற்கப்படும்போதும் நம் பாட்டாளி மக்கள் அஞ்சும் சொல் ஒன்று உண்டு. அதுவே ஆட்குறைப்பு. கடிதம் கைக்கு வந்த நாளிலேயே எல்லாம் முடிந்தது என்று எண்ணி மூட்டை முடிச்சுகளைக் கட்டுவோர் பலர். சட்டப்படி அது முடிவன்று. முறையற்ற ஆட்குறைப்பை எதிர்த்து வென்று, பழைய வேலைக்கே திரும்பும் வழி நம் நாட்டில் உண்டு.

ஆயினும் வென்றவர்களும் வேலைக்குத் திரும்பும் வேளையில் பெரும் நட்டம் அடையக் கூடும். நிர்வாகம் 'மீண்டும் வேலை தருகிறோம்' என்று கூறும்போது, அது பழைய வேலையில் மீள அமர்த்துவதா, புதிய ஆளாகச் சேர்ப்பதா என்று கேளாமல் ஒப்பமிடுவதே அதற்குக் காரணம். இவ்விரண்டிற்கும் உள்ள வேறுபாட்டை விளக்குவதே இப்பாடத்தின் நோக்கமாகும்.

எதிர்க்கத் தக்க ஆட்குறைப்பு எது?

வேலை உண்மையாகவே குறைந்துவிட்டால் ஆட்களைக் குறைப்பது நிர்வாகத்தின் உரிமை. அதை நாம் மறுக்க இயலாது. ஆனால் அவ்வுரிமை நேர்மையாகப் பயன்படுத்தப்பட வேண்டும். வேலை குறைந்தது உண்மை என்று மெய்ப்பிக்கும் பொறுப்பும் நிர்வாகத்தையே சாரும்.

ஒரு தொழிலாளியை நிறுத்திய மறு மாதமே அவர் வெட்டிய நிரையில் கொந்தராத்துக்காரரின் ஆட்கள் பால் வெட்டினால், வேலை குறைந்தது என்பது ஐயத்திற்குரியது. ஒரே வகை வேலை செய்வோருள் கடைசியாகச் சேர்ந்தவர் முதலில் செல்ல வேண்டும் என்பது தொழில் நீதிமன்றம் ஏற்றுள்ள பொது மரபு. தக்க காரணமின்றி அதை மீறி, நெடுநாள் உழைத்தவரை அனுப்பியிருந்தாலும் கேள்வி எழுப்பலாம். அதே வகை வேலையிலுள்ள வெளிநாட்டுத் தொழிலாளரை நிறுத்திய பின்னரே உள்நாட்டுத் தொழிலாளரை நிறுத்தலாம் என்பது தீபகற்ப மலேசியாவில் நடைமுறையிலுள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் விதியாகும்.

அறுபது நாள் என்பதை மறவாதீர்

1967ஆம் ஆண்டு தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, தக்க காரணமின்றி நீக்கப்பட்டதாகக் கருதும் தொழிலாளி தொழிலுறவு இலாகாவிடம் எழுத்து மூலம் முறையிடலாம். வேலை நீங்கிய நாளிலிருந்து 60 நாள்களுக்குள் முறையீடு சேர வேண்டும். முன்னறிவிப்புக் காலத்திலேயே கொடுத்தாலும் ஏற்கப்படும். சட்டம் குறிக்கும் காலவரையறை கட்டாயமானது என்று கூட்டரசு நீதிமன்றம் 1981இல், ரப்பர்ப் பொருள் உற்பத்தி நிறுவனம் ஒன்றின் வழக்கில் தீர்ப்பளித்தது. காலம் கடந்தால் எவ்வளவு நியாயமான வழக்கும் நில்லாது.

முறையீட்டில், 'எனக்குப் பழைய வேலை மீண்டும் வேண்டும்' என்று தெளிவாக எழுதுதல் இன்றியமையாதது. ஏனெனில் அப்பிரிவு பேசுவதே பழைய வேலையில் மீள அமர்த்துவதைப் பற்றித்தான். முறையீடு கிடைத்ததும் இலாகா இரு தரப்பாரையும் அழைத்துச் சமரசம் பேசும். சமரசம் ஏற்படாவிடில் வழக்கு தொழில் நீதிமன்றத்திற்கு அனுப்பப்படும். 2021ஆம் ஆண்டுக்கு முன்னர் அவ்வாறு அனுப்புவதா இல்லையா என்பதை அமைச்சர் முடிவு செய்தார். 2021 முதல் இலாகாவின் தலைமை இயக்குநரே அனுப்பி வைக்கிறார்.

மீள அமர்த்தலும் புதிதாகச் சேர்த்தலும்

மீள அமர்த்தல் என்பது, நீக்கமே நிகழவில்லை என்பது போல் பழைய நிலையில் வைப்பதாகும். சேவை ஆண்டுகள் அறுபடுவதில்லை. புதிதாகச் சேர்த்தலில் பழைய கணக்கு மூடப்பட்டு, முதல் நாளிலிருந்து புதிய கணக்கு தொடங்கும். செய்வது அதே பால்வெட்டுத்தான், தோட்டமும் அதுவேதான். ஆயினும் செக்ரோலில் எழுதப்படும் சேவைத் தொடக்க நாள் வேறு.

அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதை ஒரு கணக்கால் காண்போம். 18 ஆண்டு பால் வெட்டிய ஓர் அம்மையார் நீக்கப்பட்டு, வழக்கில் வென்று திரும்புகிறார் என்று கொள்வோம். மீள அமர்த்தப்பட்டால் அவருக்கு ஆண்டு விடுமுறை 16 நாள். புதியவராகச் சேர்ந்தால் 8 நாள். வேலை ஒப்பந்தத்தில் வேறு விதி இல்லையெனில், முன்னவருக்குரிய முன்னறிவிப்பு 8 வாரம். பின்னவருக்கு 4 வாரம்.

நீக்க நன்மைத் தொகையிலோ வேறுபாடு இன்னும் பெரிது. 1980ஆம் ஆண்டு விதிகளின்படி, 2 ஆண்டுக்குக் குறைவான சேவைக்கு ஆண்டொன்றுக்கு 10 நாள் சம்பளம். 2 முதல் 5 ஆண்டுக்குள் 15 நாள். 5 ஆண்டும் அதற்கு மேலும் 20 நாள். அந்த அம்மையாருக்கு 18 ஆண்டுக்குரிய தொகை 360 நாள் சம்பளம். வழக்கில் வென்றதும் அத்தொகையை நிலுவைச் சம்பளத்தில் கழித்துக் கொண்டு, அவரைப் புதியவராகவும் பதிந்துவிட்டால் என்ன ஆகும்? ஓராண்டு கழித்து உண்மையான ஆட்குறைப்பு வரும்போது அவர் பெறுவது 10 நாள் சம்பளமே. பதினெட்டு ஆண்டு உழைப்பு ஒரு கையொப்பத்தில் கரைந்துவிடும்.

எழுத்தில் பெற வேண்டியவை

ஆதலால் பெரட்டுக்குத் திரும்புமுன், சமரச உடன்பாட்டிலோ நிர்வாகத்தின் கடிதத்திலோ கீழ்க்கண்டவை உள்ளனவா என்று பார்த்துக் கொள்க.

முதலாவது, சேவை தொடர்கிறது என்ற சொல்லும், முதன் முதலில் வேலையில் சேர்ந்த தேதியும்.

இரண்டாவது, வேலை இல்லாதிருந்த காலத்திற்குரிய நிலுவைச் சம்பளம். தொழில் நீதிமன்றம் நீக்கப்பட்ட நாளிலிருந்து 24 மாதச் சம்பளம் வரை வழங்கலாம். இடைக்காலத்தில் வேறிடத்தில் ஈட்டிய வருவாயில் ஒரு பகுதியை அது கழிக்கும். எனவே செய்த சில்லறை வேலைகளின் கணக்கை ஒளிக்காமல் குறித்து வைத்தல் நலம்.

மூன்றாவது, முன்னர் பெற்ற நீக்கத் தொகையை எவ்வாறு ஈடு செய்வது என்பதும், ஊழியர் சேமநிதி, சொக்சோ சந்தாக்கள் குறித்த முடிவும்.

நான்காவது, பால் வெட்டும் காடு. வெட்டுகின்ற பாலின் அளவே நம் வருவாயைக் கூட்டும், குறைக்கும். பழைய நிரைக்குப் பதிலாக மேட்டிலுள்ள கிழட்டு மரங்களைக் கொடுத்தால், பெயருக்கு மட்டுமே அது பழைய வேலை. முந்தைய காடு மறுநடவுக்குப் போயிருந்தால், ஒப்பான வருவாய் தரும் வேறு காட்டைக் கேட்டு எழுதிப் பெறுக.

படிக்க இயலாத மொழியில் தாள் இருந்தால், சங்கப் பொறுப்பாளரிடமோ பிள்ளைகளிடமோ படித்துக் காட்டச் சொல்லிய பின்னரே ஒப்பமிடுக. 1954இல் தோன்றிய தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தில் உறுப்பினராக இருப்போர், கூட்டு ஒப்பந்தம் தரும் கூடுதல் நன்மைகளையும் கேட்டறிதல் வேண்டும்.

வேலைக்குத் திரும்ப வழியே இல்லை என்று நீதிமன்றம் கருதினால், வேலைக்கு மாற்றாக இழப்பீடு வழங்குவதும் உண்டு. சேவை ஆண்டொன்றுக்கு ஒரு மாதச் சம்பளம் என்று கணக்கிடுவது வழக்கம். இங்கும் சேவை ஆண்டுகளே அளவுகோல் என்பதைக் கவனிக்க.

திரும்பிய பின்

குறித்த நாளில் தவறாமல் பெரட்டில் நிற்க வேண்டும். அனுமதியோ தக்க காரணமோ இன்றி, நிர்வாகத்திற்குத் தெரிவிக்கவும் முயலாமல், தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர் ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். அரிதில் வென்றதை அசட்டையால் இழத்தல் ஆகாது. முதல் மாதச் சம்பளச் சீட்டில் சேவைத் தேதியும் பிடித்தங்களும் சரியாக உள்ளனவா என்று பார்த்து, பிழையிருந்தால் கிராணியிடம் அன்றே காட்டுக. தொழில் நீதிமன்றத்தின் தீர்ப்பை நிர்வாகம் நிறைவேற்றாவிடில், அந்நீதிமன்றத்திடமே மீண்டும் முறையிடச் சட்டம் இடமளிக்கிறது.

நம் நிரையை இடையில் வெட்டியவர் மீதும், பெயரை எழுதிய மண்டோர் மீதும் மனக்கசப்புக் கொள்வதால் பயனில்லை. அவர்களும் சொன்ன வேலையைச் செய்தவர்களே. நாம் திரும்பியது சண்டையைத் தொடர்வதற்கன்று. உழைத்த ஆண்டுகளை மீட்பதற்கே. அந்த ஆண்டுகள் ஒன்றும் குறையாமல் ஏட்டில் இருக்கின்றனவா என்று உறுதி செய்து கொண்டால், வெற்றி முழுமை பெறும்.