சமவாய்ப்பு எண்களைச் சோதித்தல்

ஒவ்வோர் இலக்கமும் வருவதற்குச் சமமான வாய்ப்பு உடையதாகவும், முன்வந்தவற்றைக் கொண்டு அடுத்து வருவதைக் கணிக்க இயலாததாகவும் அமைந்த எண் வரிசையைச் சமவாய்ப்பு எண்கள் என்பர். இவ்வரையறையில் இரு நிபந்தனைகள் அடங்கியிருத்தலைக் காண்க. ஒன்று சமநிலை, மற்றொன்று முன்னறிய இயலாமை. முதலாவதைச் சோதிப்பது எளிது. இரண்டாவதைச் சோதிப்பது அரிது.

இவ்வெண்கள் பல துறைகளில் பயன்படுகின்றன. 1937இல் தொடங்கிய வங்காளச் சணல் பயிர் மதிப்பீட்டில், பேராசிரியர் மகலனோபிஸ் தலைமையிலான இந்தியப் புள்ளியியல் கழகத்தார் மாதிரி நிலங்களைச் சமவாய்ப்பு முறையிலேயே தேர்ந்தனர். இத்தகைய பணிக்குச் சமநிலை முதன்மையானது. இக்காலத்து வங்கிகளின் கணிப்பொறிச் செய்திகளைக் காக்கும் மறைக்குறித் திறவுகோல்களுக்கோ முன்னறிய இயலாமையும் இன்றியமையாதது.

முதற்கண் சமநிலைச் சோதனையை நோக்குவோம். 1,000 இலக்கங்கள் கொண்ட ஒரு பட்டியலில், 0 முதல் 9 வரையுள்ள இலக்கங்கள் முறையே 108, 94, 102, 97, 89, 110, 101, 96, 105, 98 முறை வந்துள்ளன எனக் கொள்வோம். ஒவ்வொன்றும் 100 முறை வரும் என்பது எதிர்பார்ப்பு. வேறுபாடுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 380. அதனை 100ஆல் வகுத்தால் 3.80. இதற்குக் கை-வர்க்க அளவு என்று பெயர். இவ்வளவு 16.92ஐ விஞ்சினால் பட்டியல் ஐயத்திற்குரியது. ஆயினும், குற்றமற்ற பட்டியல்களிலும் நூற்றுக்கு ஐந்து இவ்வெல்லையைக் கடத்தல் இயல்பே. ஆதலின் ஒரே சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறலாகாது.

அளவு மிகக் குறைதலும் நன்றன்று. 0, 1, 2 முதல் 9 வரை எழுதி, அதனையே நூறு முறை திரும்ப எழுதினால் கை-வர்க்க அளவு சுழியாகும். எனினும் அவ்வரிசையில் 3ஐ அடுத்து 4 வருவதை ஒரு சிறுவனும் கூறுவான். அடுத்தடுத்த இரட்டை இலக்கங்களை எண்ணினால் குறை வெளிப்படும். வரவேண்டிய 100 வகை இரட்டைகளில் 10 வகைகளே காணப்படும். இதனைக் கருதியே கெண்டால், பாபிங்டன் ஸ்மித் ஆகிய இருவரும் 1938இல் நான்கு வெவ்வேறு சோதனைகளை வகுத்தனர்.

இனி, சோதனைகளின் எல்லையைக் காண்போம். 1990களின் இறுதியில் ஜப்பானிய அறிஞர் இருவர் வகுத்த மெர்சென் ட்விஸ்டர் என்னும் முறை, சமநிலைச் சோதனைகள் பெரும்பாலானவற்றில் தேறுகிறது. ஆயினும் அது வெளியிடும் 32 பிட் எண்கள் 624ஐத் தொடர்ந்து கண்டவர், அதன் பின் வரும் எண்கள் யாவற்றையும் கணக்கிட்டு விடலாம். ஆகவே அது ஆய்வுக் கணக்கிற்கு உகந்தது, மறைக்குறிக்கு ஆகாது.

தோற்றுவாய் குறுகியதாயின் விளையும் தீங்கு இதனினும் பெரிது. 2006இல் டெபியன் என்னும் கணிப்பொறி அமைப்பின் ஓபன்எஸ்எஸ்எல் நிரலில் ஒரு வரி நீக்கப்பட்டது. அதன் விளைவாக, ஒரே வகையும் நீளமும் கொண்ட திறவுகோல்கள் ஒரே வகைக் கணிப்பொறிகளில் சுமார் 32,768 மட்டுமே உண்டாயின. தனித்து நோக்கின் ஒவ்வொன்றும் குறையற்றதாகவே தோன்றியது. 2008இல்தான் பிழை வெளிப்பட்டது. பிறர் அத்தனையையும் முன்னரே கணக்கிட்டு வைத்துக்கொள்ளக் கூடுமாதலின், பயன்படுத்திய திறவுகோல்களை மாற்ற வேண்டியதாயிற்று.

எனவே, வெளிவந்த எண்களை மட்டும் எண்ணிப் பார்த்தல் போதாது. அவை பிறக்கும் மூலத்தையும் ஆராய்தல் வேண்டும். அமெரிக்கத் தேசியத் தர, தொழில்நுட்பக் கழகம் 2018இல் வெளியிட்ட நெறிமுறை இதற்கொரு வழி காட்டுகிறது. எண் மூலத்தை 1,000 முறை புதிதாகத் தொடக்கி, ஒவ்வொரு முறையும் 1,000 மாதிரிகள் எடுத்து, ஒரு தொடக்கம் மற்றொன்றை ஒத்துளதா என ஆராய வேண்டும் என்பது அந்நெறி.

சோதனையில் தவறிய எண்களைத் தள்ளலாம். தேறியமை ஒன்றையே கொண்டு அவற்றை நம்பிவிடலாகாது என்பதே இப்பாடத்தின் சாரம்.

பயிற்சி: 500 இலக்கங்களில் 0 முதல் 9 வரை முறையே 62, 38, 55, 47, 41, 64, 36, 58, 43, 56 முறை வந்துள்ளன. கை-வர்க்க அளவு யாது? பட்டியல் ஐயத்திற்குரியதா? (விடை: 18.88, ஆம்.)