வைக்கோல் தின்னும் மாடும் மீத்தேனும்

நம்பிக்கை: பருவநிலையைக் கெடுப்பவை மேலை நாடுகளின் பெரும் பால்பண்ணைகள்தான், வைக்கோலும் புல்லும் தின்று வாழும் நம் வீட்டு மாடுகளால் கேடில்லை.

உண்மை: ஒரு கிலோ பாலுக்கு எவ்வளவு வாயு என்று பார்த்தால் கணக்கு தலைகீழாகிறது. மாட்டு வயிற்றின் முதல் அறையான ரூமெனில் நுண்ணுயிரிகள் தீவனத்தை நொதிக்கச் செய்யும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. வேறு சில நுண்ணுயிரிகள் அதைக் கரியமில வாயுவோடு சேர்த்து மீத்தேனாக்குகின்றன. அது பெரும்பாலும் ஏப்பமாக வாய்வழியே வெளியேறுகிறது. எளிதில் செரிக்காத நார் மிகுந்த வைக்கோலையே நம்பியிருந்தால் மீத்தேன் கூடும், பால் குறையும். மூன்று லிட்டர் கறக்கும் மாடும் உடலைப் பேணத் தின்றாக வேண்டும். அதற்கான வாயு முழுவதும் அந்த மூன்று லிட்டரின் தலையில்தான் விழும். ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் கணக்குப்படி, 2015இல் ஒரு கிலோ பசும்பாலுக்கான உமிழ்வு வட அமெரிக்காவில் 1.3 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம், தெற்காசியாவில் 4.1 கிலோ.

நம் மாடு எருவும் தருகிறது, ஏரும் இழுக்கிறது, பழியைப் பாலின் மேல் மட்டும் போடலாமா என்ற கேள்வி நியாயமானது. அந்தப் பங்கைக் கழித்தால் பாலின் சுமை குறையும். ஆனால் வயிற்றிலிருந்து எழும் வாயு குறையாது. புல்லிலிருந்து வந்த கரி புல்லுக்கே திரும்புகிறதே என்பார்கள். திரும்புமுன் ஏறத்தாழ 12 ஆண்டுகள் அது மீத்தேனாகக் காற்றில் நிற்கிறது. நூறாண்டுக் கணக்கில் அதன் வெப்பமூட்டும் திறன் கரியமில வாயுவைப்போல் சுமார் 27 மடங்கு. விரைவில் மறையும் வாயு என்பதால், குறைத்தால் பலனும் விரைவில் தெரியும்.

அப்படியானால் அமெரிக்கப் பண்ணைகளை நகலெடுப்பதா? அதுவும் தீர்வல்ல. ஒரு கிலோவுக்கான உமிழ்வு குறைந்தாலும் மொத்த உமிழ்வு கூடலாம். 2005க்கும் 2015க்கும் இடையில் உலகில் ஒரு கிலோ பாலுக்கான உமிழ்வு சுமார் 11 சதவீதம் குறைந்தது. ஆனால் பால் உற்பத்தி 30 சதவீதம் பெருகியதால் மொத்த உமிழ்வு 18 சதவீதம் உயர்ந்தது. இருக்கும் மாட்டுக்கு நல்ல தீவனம் கொடுத்து, அதிகப் பால் தராத மாடுகளைப் பெருக்காமல் இருப்பதே நமக்கு ஏற்ற வழி. தேசியப் பால்வள மேம்பாட்டு வாரியத்தின் சமச்சீர் தீவனத் திட்டத்தில், பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர் நாடாவால் மாட்டின் மார்புச் சுற்றளவை அளந்து எடையைக் கணிக்கிறார். கறக்கும் அளவைக் கேட்டு, பசுந்தீவனம், பிண்ணாக்கு, தவிடு, தாது உப்புக் கலவை எவ்வளவு என்று சொல்கிறார். தின்ற தீவனத்தின் ஆற்றலில் சுமார் 6 சதவீதம் மீத்தேனாக வீணாகும்போது, அதைக் குறைப்பது விவசாயிக்கும் லாபமே. மீத்தேனைக் காட்டி இரண்டு மாடு வைத்திருப்பவர்மீது வரி போடுவது அநீதி. அவர் வீட்டு வாசலுக்கு இந்த ஆலோசனையைக் கொண்டுபோவதுதான் அரசின் கடமை.